என் அப்பாவைப் பற்றி நான் சொன்ன சாட்சி

மைக்கை இறக்குவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பெரியவர்கள் பாடுவதற்காக உயர்த்தி வைத்த மைக். கம்பியின் நடுவில் ஒரு திருகு இருக்கும். அண்ணன் அதைத் தளர்த்தி, கம்பியை இறக்கி, என் வாய்க்கு நேராக வைத்து மறுபடி முறுக்குவார். மைக்கின் தலையில் கைக்குட்டை சுற்றியிருக்கும். அதில் எச்சில் வாடையும் பவுடர் வாடையும் சேர்ந்து அடிக்கும். பிறகு என் தோளில் கை வைப்பார். கை கனமாக இருக்கும். குரலைத் தாழ்த்தி, "தைரியமா சொல்லு பாப்பா, கர்த்தர் கூட இருக்காரு" என்பார். நான் சொல்வேன். நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். கொரட்டூரில் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. ரயில்வே கேட்டைத் தாண்டி ரெண்டு தெரு தள்ளி அண்ணனுடைய ஜெப ஹால்.

அவர் எனக்கு உறவு இல்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன். எங்கள் அம்மாவுக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன். பள்ளிக்கூடம் விட்டதும் எங்களைப் போன்ற பிள்ளைகள் தெருவில் சுற்றக்கூடாது என்று அந்த ஹாலில் மாலை வகுப்பு நடத்தினார். பாட்டு, ஜெபம், வசனம், வீட்டுப்பாடம், கடைசியில் பன். கைக்குட்டையை மடித்து எலியாக்கி ஓடவிடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அவரிடம்தான். பள்ளிக்கூடத்தில் இல்லை. அவர் நல்லவர் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் அம்பத்தூர் முழுக்க இருக்கிறார்கள். சொல்லட்டும். படிக்க வைத்ததற்கு நான் அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். இதை எழுதுவது வேறு விஷயத்துக்காக.

அவருடைய ஹாலுக்கு அடிக்கடி விருந்தாளிகள் வருவார்கள். காரில் வருவார்கள். அவர்கள் முன்னால் பிள்ளைகள் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில் அது வழக்கம்தான். கர்த்தர் எனக்கு என்ன செய்தார் என்று எழுந்து நின்று சொல்வது. காய்ச்சல் சரியானது, பரீட்சையில் தேறியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கும்? அதனால் அண்ணன் முன்னாலேயே கூப்பிட்டு விசாரிப்பார். உங்க அப்பா குடிப்பாரா என்று கேட்டார். சனிக்கிழமை குடிப்பார் என்றேன். அடிப்பாரா என்றார். இல்லை என்றேன். திட்டுவாரா என்றார். எப்பவாவது என்றேன். திட்டுறதும் அடிக்கிற மாதிரிதாம்மா என்றார். முதல் தடவை நான் சொன்னபோது அப்பா குடிப்பார், திட்டுவார் என்று இருந்தது. அடுத்த விருந்தாளிகள் வந்தபோது அடிப்பார் என்று ஆனது. அதற்கடுத்து பெல்ட் வந்தது. அப்புறம் அம்மாவின் நெற்றியில் ரத்தம் வந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் நன்றாகச் செய்தேன். விருந்தாளி அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் க்ரீம் வைத்த பன். பொய் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சாமி வீட்டில், சாமி பெயரைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பெரியவர்களே சொல்லச் சொல்வது எப்படிப் பொய்யாகும்? அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். இரும்பு ஊற்றுவதற்கு மணலில் அச்சு எடுக்கிற வேலை. கறுப்பாக வருவார். காதுக்குள், இமை மயிரில் எல்லாம் மணல் இருக்கும். எங்கள் வகுப்புப் பக்கம் அவர் வந்ததே இல்லை. ஒருநாள் நல்ல மழை. நான் நனைந்து வருவேனே என்று, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, எனக்கு ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு விருந்தாளிகள். நான் மைக் முன்னால் நிற்கிறேன். வாசலில் அவர் நிற்கிறார். கோணிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் பெல்ட் வரைக்கும் வந்திருந்தேன். அவரைப் பார்த்தேன். அண்ணனுடைய கை தோளில் இருந்தது. மீதியையும் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். பன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா குடையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். ரயில்வே கேட் போட்டிருந்தது. ரயில் வந்தது. போன பிறகு கேட்டார்.

"உங்கம்மாவ நான் எப்ப கண்ணு அட்ச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார். தனக்கு மறந்துபோய்விட்டதோ என்று சந்தேகப்பட்டவர் மாதிரி. நான் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன்.

கொரட்டூர் பெரிய ஊர், ஆனால் எங்கள் தெரு சின்னது. அந்த ஹாலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருவில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். ஒருத்தி அம்மாவின் முந்தானையை விலக்கிப் பார்த்தாள், எங்கே காயம் என்று. அம்மா இல்லை என்று சொல்லச் சொல்ல, பாவம் மறைக்கிறாள் என்று அதற்கும் பரிதாபப்பட்டார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பெயர் அப்பாவுக்கு நின்றுவிட்டது. அண்ணன் தெருவில் பார்த்தால் நிறுத்தி, அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவார். அப்பா அதற்கும் தலையைக் குனிந்து நிற்பார். என்னை வகுப்புக்குப் போகாதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். அம்மா அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவர் ஒரு குறை இல்லாமல் உட்காரவைத்துப் பேசினார். உங்க புள்ள சாட்சியால எத்தனை குடும்பம் குடியை விட்டுச்சு தெரியுமா என்றாராம். அம்மா எழுந்து வந்துவிட்டாள். அப்பா பிறகு குடியையும் விட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஃபவுண்டரித் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமித்தான் செத்தார். வீட்டு முன்னால் பாடை கட்டும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "குட்ச்சே போய்ட்டாம்பா, அந்தம்மா இனிமேனாச்சும் நிம்மதியா இருக்கும்" என்றாள். என் காதில் விழுந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்வது என்று மட்டும் முடிவு செய்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி கரையான்சாவடிக்கு வந்தேன். ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் இஸ்திரி வண்டி போட்டேன். அதில்தான் இன்றைக்கும் வாழ்கிறேன். அந்த அப்பார்ட்மென்டிலும் அக்கம்பக்கத்திலும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகள், பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலை முடிகிற வரைக்கும் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். வேறு எங்கே போகும்? வீடு பூட்டியிருக்கும். சும்மா இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தொடும். எழுதுங்கள் என்றேன். எழுதின. அதுதான் ஆரம்பம். துணி கொண்டுவருகிற ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், நின்று ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாளும் நின்றாள். எங்கள் சபைப் போதகர் சின்ன வயதுக்காரர். வண்டியைத் தாண்டிப் போகையில் பார்த்துவிட்டு, இதை ஒழுங்காக நடத்தலாமே அக்கா, சபை பேரில் நடத்தலாம், ஜெபத்தோடு ஆரம்பிக்கலாம் என்றார். பாரிவாக்கம் போகிற வழியில் சபைக்காரர் ஒருவரின் தகரக் கொட்டகை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தோம்.

போதகர் கேட்டார், உங்களுக்கு இதில் இவ்வளவு பாரம் எப்படி வந்தது என்று. பாரம் என்பது எங்கள் சபைப் பேச்சு. ஒரு காரியத்தின் மேல் மனதில் விழுகிற கனம். பிள்ளைகள் பாவம் என்று சொன்னேன். அது பாதி. கொரட்டூர் அண்ணன் நடத்தியதை நான் நடத்த வேண்டும், அவர் செய்ததைச் செய்யாமல் நடத்த வேண்டும், அதை அவர் ஒருநாள் பார்க்க வேண்டும். இதுதான் மீதிப் பாதி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கொட்டகையில் ரெண்டே சட்டம். பிள்ளைகளிடம் வீட்டு விஷயம் கேட்கக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. தின்பண்டம் கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகலாம், பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லக்கூடாது. இந்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு அம்மா வந்து, "மதம் மாத்திடுவியாக்கா?" என்று நேராகக் கேட்டாள். "நாங்க ஜெபம் பண்ணுவோம். கண்ண மூட்றவங்க மூடட்டும், மூடாதவங்க நோட்ட பாக்கட்டும்" என்றேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். அவள் பெண்தான் பிறகு எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் பாடினாள். சின்னப் பெண். ஒல்லி. அவள் அப்பா வீட்டுக்கு வருவதில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் அம்மா என்னிடம் தானாகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தை அந்தச் சபைக்காரர் விற்றுவிட்டார். அங்கே ஃப்ளாட் வரப்போகிறது. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். நாங்கள் எங்கெங்கோ கேட்டோம். அப்பார்ட்மென்ட் சங்கத்தில் கார் நிறுத்துகிற இடத்தின் ஒரு மூலையைக் கேட்டோம். சத்தம் வரும் என்றார்கள். அப்போது போதகர் சந்தோஷமாக வந்தார். பூந்தமல்லியில் ஒரு பெரிய ஊழியக்காரருடைய ஜெப ஹால் சாயங்காலங்களில் காலியாக இருக்கிறதாம். ஃபேன் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நம் வகுப்பை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார் என்றார். பெயரைச் சொன்னார். கொரட்டூர் அண்ணனுடைய பெயர். என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஒரு சட்டைக் காலரை ரெண்டு தடவை தேய்த்தேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், அது உண்மை. அவர் என் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுவும் உண்மை. எங்கள் ரெண்டு சட்டத்தையும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடும்படி போதகரிடம் சொன்னேன். சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவர் வருகிற நாள் வரைக்கும் நான் ஒரு கேள்வியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஒரே மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், பெற்ற தாயின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அம்பத்தூர், ஆவடி சபைகளில் இது தெரியாதவர்கள் இல்லை. யாரும் அவர் முன்னால் பேசமாட்டார்கள். அந்தக் கேள்வியை எடுக்க வேண்டி வராவிட்டால் எடுக்கக்கூடாது என்று நினைத்தேன். எடுக்க வேண்டி வர வேண்டும் என்றும் நினைத்தேன்.

வந்தார். கிழவராகிவிட்டார். முடிக்கு மை போட்டிருந்தார். கூட வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒரு தமிழ்க் குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நல்லா நடத்துறீங்க சிஸ்டர் என்றார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்து எலி செய்தார். ஓடவிட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நானும் சிரித்துவிட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஹால் உங்களுக்குத்தான், அடுத்த வாரமே வந்துடுங்க என்றார். போதகர் ஸ்தோத்திரம் என்றார். அதோடு கிளம்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அன்றைக்குப் பாட்டுப் பாடிய அந்த ஒல்லிப் பெண்ணை அவர் கிட்டே கூப்பிட்டார். நல்லா பாடுறியே என்றார். அப்பா என்ன பண்றாரு என்றார். அது தன் இடத்துக்குத் திரும்பப் பார்த்தது. மறுபடி கேட்டார். "ஊட்டுக்கு வரமாட்டாரு" என்றது, காதில் விழாத குரலில். அவருடைய கை அந்தத் தோளுக்குப் போனது. குரல் தாழ்ந்தது. அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். "குடிப்பாராம்மா?" என்றார். விருந்தாளி அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். பெண் என்னைப் பார்த்தது.

"அண்ணே," என்றேன். "உங்க பையன் ஊட்டுக்கு வராரா?"

என்ன சிஸ்டர் என்றார். கேட்டது புரியாத மாதிரி இல்லை, நான் அப்படிக் கேட்டிருக்கமாட்டேன் என்று நம்புகிற மாதிரி. நான் திரும்பச் சொன்னேன். அம்மா அடக்கத்துக்குக்கூட வரலையாமே, ஏன் வரல, புள்ளைங்க கேக்கட்டும், சொல்லுங்க என்றேன். "தைரியமா சொல்லுங்க, கர்த்தர் கூட இருக்காரு" என்றேன். விருந்தாளி அம்மா போனைக் கீழே இறக்கினாள். எடுங்கம்மா, இப்பதான் எடுக்கணும் என்றேன். போதகர், அக்கா போதும், போதும் என்று என் கையைப் பிடித்தார். உதறினேன். பெண்ணின் தோளிலிருந்து அவர் கை விழுந்துவிட்டது. அவர் கண் கலங்கியது. மகனை நினைத்துத்தான். எங்கப்பாவை நினைத்து இல்லை. அதனால் அதையும் சொன்னேன். கொரட்டூர் ஹால், ஃபவுண்டரிக்காரர் மகள், மைக்கை இறக்கி வைத்து நீங்கள் சொல்லவைத்த பெண் என்றேன். பிறகு, இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தேனோ அதைச் சொன்னேன்.

"எங்கப்பா எங்கம்மாவ அட்ச்சதே இல்ல."

கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை. அவர் என்னையே பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"எத்தனையோ பிள்ளைங்கம்மா," என்றார். "எனக்கு ஞாபகம் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. திமிராகப் பேசியிருந்தால், மறுத்திருந்தால், மன்னிப்பாவது கேட்டிருந்தால், ஒரு முடிவு வந்திருக்கும். எங்கள் வீட்டையே கவிழ்த்த சொல் அவரிடம் ஒரு தூசியாகக்கூட ஒட்டியிருக்கவில்லை. என்னைப் போல எத்தனையோ பேரைச் சொல்லவைத்திருக்கிறார். எத்தனையோ அப்பாக்கள் கோணிப்பையோடு எத்தனையோ வாசல்களில் நின்றிருப்பார்கள். அவர் எழுந்து, விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, தடுமாறித் தடுமாறிக் காருக்குப் போனார். கூட வந்தவர்கள் கைத்தாங்கல் கொடுக்கவில்லை. போதகர் ஓடிப்போய்க் கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஹால் போனது. சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்குள் கொட்டகையும் போனது. பிள்ளைகளின் அம்மாக்கள் வண்டிக்கு வந்து திட்டினார்கள். "இன்னாக்கா நீ, வாயே தொறக்கமாட்ட. தொறந்தன்னிக்கி ஃபேன் போட்ட ஹாலையே தொலச்சிட்டியே" என்றாள் ஒருத்தி.  அவள் சொன்னது சரி. இப்போது அந்த ஒல்லிப் பெண்ணின் வீட்டு மொட்டைமாடியில் நடக்கிறது. வீட்டு ஓனர் செருப்பைக் கீழேயே விடச் சொல்கிறார். மழை வந்தால் வகுப்பு இல்லை. பெண் பிள்ளைகள் ஒன்றுக்குப் போக என் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டன. ஐடி கம்பெனிப் பெண் மட்டும் இன்னும் வருகிறாள். அன்றைக்கு நான் கேட்டது அந்தச் சின்னப் பெண்ணைக் காப்பாற்றத்தான் என்று போதகர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். எனக்காகத்தான் கேட்டேன். காப்பாற்றுவதாக இருந்தால் பெண்ணைக் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்திருந்தாலே போதும்.

அண்ணன் இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறாராம். ஆள் அடையாளம் தெரியவில்லையாம். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்களேன் அக்கா, உங்களுக்கும் மனசு லேசாகும் என்று போதகர் சொன்னார். துணி நிறைய இருக்கிறது ஐயா என்றேன். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வகுப்பு முடியும்போது பரமண்டல ஜெபம் சொல்வோம். எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வது. நடுவில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடம் ஒன்று இருக்கிறது. போன வாரம் முடிந்து எல்லோரும் படி இறங்கும்போது அந்த ஒல்லிப் பெண் மட்டும் நின்றது. ஜெபத்தில் கண்ணை மூடாத பிள்ளை அது.

"அக்கா, நீங்க அந்த எடத்துல மட்டும் வாய அசைக்கமாட்றீங்க."

"ஆமா."

"ஏன்?"

"ஜெபத்துல பொய் சொல்லக் கூடாது."

 அது தலையை ஆட்டியது. பிறகு, கீழே போய்ச் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.